எஞ்சின் நின்னாலும் விமானம் விழாது!

2025 நவம்பர் 13. உங்க வாட்ஸ்அப்பிலும் அந்தப் படம் வந்திருக்கும். திருச்சி-புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், கீரனூர் பக்கம், பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் ஒரு குட்டி விமானம் நிற்கிறது. சுற்றிலும் செல்போனும் கையுமாக நம்ம ஜனங்க. சேலத்தில் இருந்து கிளம்பிய பயிற்சி விமானம் அது. நடுவானில் கோளாறு. ரோட்டிலேயே இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த இரண்டு பேரும் பத்திரம்.

எங்க ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்பில் அன்றைக்கு ஒரே அமர்க்களம். 'செம லக்குடா சாமி!' என்று ஒருத்தன். 'எஞ்சின் நின்னா கல்லு மாதிரி பொத்துன்னு விழுந்துடுமே, எப்படித் தப்பிச்சாங்க?' என்று ஒருத்தி. கடைசியில் எல்லாரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஏய் பைலட், நீ சொல்லு!'

அந்த ரெண்டு பேரின் கதையை அவங்கதான் சொல்லணும். நான் என் கதையைச் சொல்றேன். கேளுங்க.

எனக்கு ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் பைலட் ஆகணும்னு ஒத்தைக்காலில் நின்றதால் எங்க வீட்டுப் பத்திரம் இப்போ பேங்க் லாக்கரில் இருக்கு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மீட்டர் ஓடும். நான் படித்த பயிற்சிப் பள்ளியின் பேர் வேண்டாம். அங்கே என்கிட்ட மாட்டிய விமானம், இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய செஸ்னா 152. ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும்!

முதலில் அந்தக் 'கல்லு' சமாசாரத்தை முடித்துவிடுவோம். எஞ்சின் நின்றால் விமானம் விழாது. மேட்டில் இருந்து சைக்கிளில் பெடல் போடாமல் இறங்கியிருக்கீங்களா? அதே கதைதான். ஒரு அடி உயரத்தைச் செலவு செய்தால் கிட்டத்தட்ட ஒன்பது அடி முன்னால் போகும். 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் சுமார் 8 கிலோமீட்டர் மிதந்தே போகலாம். நேரக் கணக்கில் பார்த்தால் நாலரை நிமிஷம்.

ஆனால் ஒரு கண்டிஷன். வேகம் குறையக் கூடாது. செஸ்னா 152-க்கு 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். அந்த வேகத்தைக் காப்பாத்த மூக்கைக் கொஞ்சம் கீழே இறக்கணும். மனசு அதற்கு நேர் எதிராகச் சொல்லும். 'கீழே போறோமே, மூக்கைத் தூக்கு, தூக்கு'ன்னு கத்தும். தூக்கினால் வேகம் போச்சு. வேகம் போனால் இறக்கை காற்றைப் பிடிக்காது. இதற்குப் பேர் 'ஸ்டால்'. அப்போதான் நீங்க சொன்ன அந்தக் கல்லு!

இதெல்லாம் புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல மார்க்கும் வாங்கினேன். அப்புறம் ஒரு நாள் காலையில் 2,500 அடியில் பறந்துகொண்டு இருக்கும்போது பக்கத்தில் இருந்த கேப்டன் திடீரென்று திராட்டிலைப் பின்னால் இழுத்துவிட்டார். "எஞ்சின் ஃபெயில்! இப்போ என்ன செய்வே?"

இது எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் நடக்கிற சாதாரணப் பயிற்சிதான். எஞ்சினை அணைப்பதில்லை. சக்தியைக் குறைத்து, நின்ற மாதிரி நடிக்க வைப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் அடங்கினதும் எனக்குள்ள எல்லாமே அடங்கிப் போச்சு. கை தானாக மூக்கைத் தூக்கியது. ஸ்டால் வார்னிங் 'ஊஊ'ன்னு ஊளையிட்டது. கேப்டன்தான் மூக்கைக் கீழே தள்ளினார்.

அப்புறம் அவசர அவசரமாக ஒரு வயலைக் காட்டினேன். பச்சைப் பசேல்னு அழகா இருந்தது. 500 அடிக்கு வந்ததும் அவர் அமைதியாகக் கேட்டார். "உன் வயலுக்குக் குறுக்கே கரண்ட் கம்பி போகுதே, பார்த்தியா?" பார்க்கலை. திராட்டிலை முன்னால் தள்ளி மேலே ஏற்றினார்.

தரையில் இறங்கினதும் ஒரே வரிதான் சொன்னார். "இன்னிக்கு நீ செத்துட்டே. ரெண்டு தடவை. முதல் பன்னிரண்டு செகண்ட் நீ ஒண்ணுமே செய்யலை."

அடுத்த வாரமும் செத்தேன். அதற்கு அடுத்த வாரமும். லீவு விட்டதும் ஊருக்கு வந்தேன். வீட்டில் யார்கிட்டயும் சொல்லலை. பத்திரத்தை அடகு வச்ச அப்பாகிட்ட, 'உங்க பொண்ணு வாரா வாரம் சாகுறா'ன்னு எப்படிச் சொல்றது? பேசாம விட்டுட்டு பி.காம். சேர்ந்துடலாமான்னுகூட யோசித்தேன்.

தாத்தாதான் கண்டுபிடித்தார். 86 வயசு. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போ அவருக்கு 22. அதற்கப்புறம் முத்துக்குளிப்பே நடக்கலை. தாத்தா சங்கு எடுக்கப் போயிட்டார். வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டே, "என்னட்டி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?" என்றார். கொட்டிவிட்டேன்.

"தாத்தா, உள்ளே இருக்கும்போது மூச்சு முட்டினா என்ன செய்வீங்க?"

"முட்டுனா என்னத்த செய்ய? முட்டுற வரைக்கும் உள்ள கெடந்தவன் முட்டாப்பய." சிரித்தார். "கல்லுல காலை வைக்கும்போதே மேல வார கணக்கைப் போட்டுறணும் ஏட்டி. எட்டு பாகம் ஆழம். ஒரு நிமிசம் மூச்சு. கண்ணு முன்னால சிப்பி கெடக்கும். இன்னும் ரெண்டு அள்ளுவோம்னு ஆசை வரும். ஆசை வரும்போதே கயித்த இழுத்துறணும். மூச்சு முட்டுனதுக்கு அப்புறம் யோசிச்சா, யோசிக்கிறதுக்கு நீ இருக்க மாட்ட."

மேலே படகில் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தது பாட்டியோட அண்ணன். தங்கச்சி தாலி தன் கையில் இருக்குன்னு மச்சான்காரன் கண்ணை மூட மாட்டானாம்!

"ஒனக்கு மேல கயிறு யாரு பிடிப்பா?" என்று கேட்டார்.

"தனியாப் பறக்கும்போது யாரும் இல்லை தாத்தா. நான்தான்."

"அப்ப நீ ரெண்டு ஆளு வேலை பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. எஞ்சின் நின்ற பிறகு நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதுதான் தப்பு. நிற்பதற்கு முன்பே, ஓடிக்கொண்டு இருக்கும்போதே, 'இப்போ நின்னா எங்கே இறங்குவேன்?' என்பதற்குப் பதில் கையில் இருக்கணும்.

அந்த லீவு முழுக்க அதே வேலைதான். அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாலும், திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் ஒரே விளையாட்டு. இங்கே நின்னா எங்கே?

நம்ம ஊரையே வேற கண்ணால் பார்த்த நாட்கள் அவை. உப்பளம் மேலே இருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி தட்டையா, அழகா இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாத்திக்கும் வரப்பு. முன்சக்கரம் வரப்பில் மோதினால் விமானம் குப்புறக் கவிழும். தேரிக்காட்டுச் செம்மணலில் சக்கரம் புதையும். பனங்காட்டில் இறங்குகிற பேச்சே இல்லை. கயத்தாறு பக்கம் காற்றாலைகள். ரோடு நல்லா இருக்கும், ஆனால் கம்பி, சென்டர் மீடியன், எதிரே வருகிற லாரி எல்லாம் கூடவே இருக்கும். கரிசல் காடு மழை பெய்தால் சேறு. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தால் சிமென்ட் தரை மாதிரி! அதிலும் உழவுச் சால் எந்தப் பக்கம் ஓடுதோ அதே பக்கமாக இறங்கணும். குறுக்கே இறங்கக் கூடாது.

காற்றுக்கு எதிராக இறங்கினால்தான் தரையில் வேகம் குறையும். காற்று எந்தத் திசைன்னு கண்டுபிடிக்க தாத்தாவை மிஞ்ச ஆள் இல்லை. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். பனை ஓலை எந்தப் பக்கம் சாயுது, சூளைப் புகை எங்கே போகுது, இதை வைத்தே சொல்லிவிடுவார். கேப்டன் சொன்னதும் அதேதான். புகையைப் பார், மரத்தைப் பார், குளத்துத் தண்ணியைப் பார்.

லீவு முடிந்து போனேன். கேப்டன் திராட்டிலை இழுத்தார். மூக்கு கீழே. 60 நாட். "அந்தக் காய்ந்த வயல், சார். கம்பி இல்லை. காற்று எதிரே." அவர் ஒன்றும் சொல்லலை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் பாராட்டு.

இப்போ நிஜமான நாளுக்கு வருவோம். 2025 பிப்ரவரி. தனியாக நீண்ட தூரம் பறக்கிற பயிற்சி. சேர வேண்டிய இடம் எது தெரியுமா? எங்க ஊர் வாகைக்குளம் ஏர்போர்ட்! இப்போ 3,115 மீட்டர் ரன்வேயும் பெரிய டெர்மினலுமாக அது ஆளே மாறிப் போச்சு. புது டெர்மினல் 2025 ஜூலையில்தான் திறந்தார்கள். நான் வந்தது அதற்கு முன்னால். அப்பா லீவு போட்டு, தாத்தாவையும் கூட்டிக்கொண்டு ஏர்போர்ட் வெளியே ரோட்டோரம் காத்திருந்தார்.

காலை நேரம். பனி விலகி, காற்று பிசுபிசுன்னு ஈரமா இருந்தது. ஓட்டப்பிடாரம் பக்கம் 3,000 அடியில் மெதுவாக இறங்கிக்கொண்டு இருந்தேன். வாகைக்குளத்துக்கு இன்னும் 20 கிலோமீட்டர். ஆர்.பி.எம். முள் லேசாகச் சரிந்தது. நான் எதையும் தொடலை. இன்னும் சரிந்தது. அப்புறம் எஞ்சின் இருமியது. விமானமே குலுங்கியது.

கணக்கு தெளிவா இருந்தது. என்னால் மிதக்க முடிந்தது 8 கிலோமீட்டர். ஏர்போர்ட் 20 கிலோமீட்டர். அதை மறந்துவிடு. இடது பக்கம் கண்மாய்க்கு அந்தாண்டை அறுவடை முடிந்த ஒரு கரிசல் காடு. ரெண்டு நிமிஷம் முன்னாடியே அதைப் பார்த்து வைத்திருந்தேன். மூக்கு கீழே. 60 நாட். அந்தப் பக்கம் திருப்பினேன். அதற்கப்புறம்தான் கை 'கார்ப் ஹீட்' குமிழைப் பிடித்து முழுசாக இழுத்தது.

இங்கேதான் என்னைக் கொல்லப் பார்த்த விஷயம். இழுத்ததும் எஞ்சின் சரியாகலை. இன்னும் மோசமாச்சு! ஆர்.பி.எம். மேலும் விழுந்தது. விட்டு விட்டு இருமியது. 'தப்பாச் செஞ்சுட்டோம், குமிழை உள்ளே தள்ளு'ன்னு ஒவ்வொரு நரம்பும் சொன்னது. ஆனால் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. மோசமானால் அது நல்ல அறிகுறி. கை வைக்காதே.

வச்ச கை வச்சபடி இருந்தேன். டவருக்கு "மேடே" சொன்னேன். எங்கே இருக்கேன், எந்தப் பக்கம் இறங்கப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அந்தக் குரல் நிதானமாகப் பதில் சொன்னது. முப்பது செகண்ட் இருக்கலாம். எஞ்சின் ஒரு தடவை பலமாகத் தும்மியது. அப்புறம் தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. உயரம் 2,300 அடி. கரிசல் காடு இன்னும் என் இறக்கைக்குக் கீழேதான் இருந்தது.

என்ன நடந்தது? சொன்னா நம்ப மாட்டீங்க. ஐஸ்! தூத்துக்குடியில் ஐஸா என்று சிரிக்காதீங்க. மண்பானையில் தண்ணி ஏன் குளிருது? கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகுது. கார்புரேட்டரிலும் அதேதான். பெட்ரோல் ஆவியாகுது, காற்று குறுகலான வழியில் புகுந்து விரியுது. உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூட வெப்பம் குறையலாம். வெளியே இதமான காலை, உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. காற்றில் இருக்கிற ஈரம் உறைந்து எஞ்சினின் தொண்டையை அடைக்கும். நம்ம மாதிரி ஈரமான கடற்கரையில், எஞ்சின் சக்தியைக் குறைத்து இறங்கும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். கார்ப் ஹீட் குமிழை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள சூடான காற்று உள்ளே போய் ஐஸை உருக்கும். உருகின தண்ணியை எஞ்சின் குடிக்கும்போதுதான் அந்த இருமல்! இறங்க ஆரம்பிக்கும்போதே அதை நான் இழுத்திருக்கணும். இழுக்கலை. என் தப்புதான்.

இந்த எஞ்சின்கள் லேசில் நிற்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டு மேக்னட்டோ. பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். பல நேரம் அதை நிறுத்துவது மனுஷங்கதான். எரிபொருள் தீர்ந்தது தெரியாமல் இருப்பது, தப்பான டேங்க்கைத் திறப்பது, பெட்ரோலில் தண்ணி கலந்திருப்பது. அதனால்தான் பறக்கும் முன் டேங்க்கின் அடியில் இருந்து கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். நீல நிறமா இருக்கணும், அடியில் தண்ணி முத்து முத்தா நிற்கக் கூடாது.

வாகைக்குளத்தில் இறங்கினேன். கால் நடுங்கியது. முதலில் கேப்டனுக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்டார். 'பயந்தியா?' என்று கேட்கலை. கேட்டது ஒரே கேள்வி. "எந்த வயல்?"

சொன்னேன். கண்மாய், கரிசல், சால் போகிற திசை, வாடைக் காற்று எல்லாம்.

"சரி. இன்னிக்கு நீ உயிரோட இருக்கே. கார்ப் ஹீட்டை ஏன் முன்னாடியே இழுக்கலைன்னு நாளைக்குப் பேசலாம்."

மறுநாள் ஒரு மணி நேரம் பேசினார். அந்தத் திட்டை இங்கே அச்சில் போட முடியாது!

உலகத்துக்கே தெரிந்த ஒரு கதை உண்டு. 2009 ஜனவரி 15, நியூயார்க். 155 பேரோடு கிளம்பிய பெரிய ஏர்பஸ். பறவைக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் போச்சு. கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பறவை மோதியதில் இருந்து தண்ணீரைத் தொட்டது வரை 208 செகண்ட். அப்புறம் சிமுலேட்டரில் சோதித்தார்கள். பறவை மோதின உடனே திரும்பினால் ஏர்போர்ட்டை எட்டலாம் என்று வந்தது. ஆனால் என்ன நடந்ததுன்னு ஒரு மனுஷனுக்குப் புரிய 35 செகண்ட் சேர்த்துப் பார்த்தால், எட்டலை. ஏர்போர்ட்டுக்குத் திரும்பணும் என்ற ஆசையை அவர் சரியான நேரத்தில் விட்டார். 'இன்னும் ரெண்டு அள்ளுவோம்' என்கிற அதே ஆசைதான் அதுவும்!

குட்டி விமானத்திலும் இதே பாடம். டேக்-ஆஃப் ஆன கொஞ்ச உயரத்திலேயே எஞ்சின் நின்றால் ரன்வேக்குத் திரும்பாதே, நேர் எதிரே எது கிடைக்குதோ அதில் இறங்கு என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் ஆகிற வேகம் கூடும். பின்னால் இருக்கிற ரன்வே கண்ணுக்கு அழகா, பத்திரமாத் தெரியும். அதை நம்பித் திரும்பி உயிரை விட்டவர்கள் நிறையப் பேர்.

அன்றைக்கு ராத்திரி எஞ்சினைச் சோதிக்கிற வரைக்கும் விமானம் வாகைக்குளத்தில் நிற்கணும் என்று சொல்லிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். அப்பாகிட்ட பழைய தோல்விகளையும் சேர்த்து எல்லாத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சாப்பிடு" என்றார். தாத்தா மட்டும் கார்ப் ஹீட் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இழுத்ததும் மோசமாச்சு. ஆனாலும் விடலை?"

"விடலை தாத்தா."

"நல்ல மச்சான்தான் நீ" என்றார்!

அதனால ஃப்ரெண்ட்ஸ், புதுக்கோட்டை ரோட்டில் நின்ற அந்த விமானத்தைப் பார்த்து 'லக்'னு மட்டும் சொல்லாதீங்க. எந்தப் பைலட்டும் நூறு தடவை பொய்யாகச் செத்துப் பழகின பிறகுதான் ஒரு தடவை நிஜமாகப் பிழைக்கிறார்.

உங்களுக்கும் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டு இருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவோ, ஒரே ஒரு கோர்ஸோ, ஒரே ஒரு ஆளோ... எல்லாம் நல்லா ஓடுற இன்றைக்கே ஜன்னல் வழியா ஒரு தடவை கீழே பாருங்க. இது நின்னா எங்கே இறங்குவீங்க? பயப்படச் சொல்லலை. ஒரு வயலைப் பார்த்து வச்சுட்டு, நிம்மதியாப் பறங்கன்னு சொல்றேன்.

ஆனா வரப்பு இருக்கான்னு மட்டும் நல்லாப் பார்த்துக்கோங்க!